நல்ல ஏரியாவா என்று யாரைக் கேட்பது?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 43. வங்கி ஊழியர். தாம்பரம் பக்கத்துக் கிளைக்கு மாற்றல் வந்திருக்கிறது. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மகளுக்குச் சென்னையில் பி.காம். இடம் கிடைத்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் மாலையில் சி.ஏ. வகுப்பும் உண்டு, அந்த நாட்களில் வீடு திரும்ப ஒன்பது மணி தாண்டும். மாமியாருக்கு 72 வயது, அவரும் கூடவே வருகிறார்.

இரண்டு வீடுகள் பார்த்து வைத்திருக்கிறார். முதலாவது மாடம்பாக்கம் பக்கம் ஒரு புது அடுக்குமாடி. வாடகை 23,000, பராமரிப்பு தனி. வாட்ச்மேன், கேமரா, லிஃப்ட் எல்லாம் இருக்கின்றன. மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே. இரண்டாவது குரோம்பேட்டையில் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பழைய வீட்டின் மாடி போர்ஷன். வாடகை 16,000, அட்வான்ஸ் பத்து மாதம். கீழே உரிமையாளர் குடும்பம். ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் ஒரு டாஸ்மாக் கடை, தெருவுக்குப் பின்னால் வாரியக் குடியிருப்பு. "அந்தப் பக்கம் வேண்டாம், ரவுடி ஏரியா" என்கிறார் அண்ணன். "நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க, பயமே இல்லை" என்கிறார் புரோக்கர். உரிமையாளரோ, "பொம்பளைங்க மட்டும் இருக்கீங்க, ஒரு சாவி எங்ககிட்ட இருக்கட்டும். ராத்திரி பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிடுவோம்" என்றிருக்கிறார். "எது பாதுகாப்பான ஏரியா என்று போலீஸில் கேட்டால் சொல்வார்களா? தப்பான இடத்துக்குப் போய்விட்டால் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு வெளியே வர முடியுமா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் ஏரியா என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வாடகைக்கு எடுக்கப்போவது குரோம்பேட்டையையோ மாடம்பாக்கத்தையோ அல்ல. ஒரு கதவு, அந்தக் கதவுக்குச் சாவி வைத்திருக்கும் ஆட்கள், ஸ்டேஷனிலிருந்து அந்தக் கதவு வரைக்குமான வழி, இவ்வளவுதான். ஒரே தெருவில் முன்பாதி ஒன்பது மணிக்கும் கலகலவென்று இருக்கும், பின்பாதியில் ஏழு மணிக்கே ஆள் நடமாட்டம் நின்றுவிடும். அதனால் அண்ணன் சொல்வதையும் புரோக்கர் சொல்வதையும் கொஞ்சம் தள்ளி வைப்போம். இருவருமே அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் பேசுகிறார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று இருவரும் சொல்லவில்லை.

போலீஸ் கணக்கு எவ்வளவு தூரம் உதவும்

கேட்கலாம், கொஞ்சம் உதவும். மத்திய அரசின் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் அறிக்கை மாநிலம், மாவட்டம், பெருநகரம் என்ற அளவில்தான் பேசும், உங்கள் தெருவைப் பற்றி அதில் எதுவும் இருக்காது. வழக்குப் பதிவு கூடினால் குற்றம் கூடியதாக அர்த்தமில்லை என்று அந்த அறிக்கையே எச்சரிக்கிறது. புகாரை வாங்கி உடனே பதிவு செய்யும் ஸ்டேஷனின் எண்ணிக்கை அதிகமாகவும், "பேசி முடிச்சுக்கோங்க" என்று திருப்பி அனுப்பும் ஸ்டேஷனின் எண்ணிக்கை அழகாகவும் தெரியும்.

ஸ்டேஷன் அளவில் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். இன்ன காவல் நிலைய எல்லையில் கடந்த மூன்று ஆண்டுகளில் வழிப்பறி எத்தனை, வீடு புகுந்து திருட்டு எத்தனை, செயின் பறிப்பு எத்தனை என்று எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். பெயர், முகவரி, விசாரணை விவரம் கேட்டால் மறுக்க இடம் கிடைத்துவிடும். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. உங்களுக்கு அவ்வளவு நேரம் இருக்குமா என்பது வேறு விஷயம்.

முதல் தகவல் அறிக்கைகள் காவல்துறை இணையதளத்தில் வருகின்றன. 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் பாலியல் குற்றம் போன்றவை அதில் விதிவிலக்கு, அவற்றை ஏற்ற மாட்டார்கள். எனவே இணையத்தில் தேடி எதுவும் கிடைக்கவில்லை என்பதற்காக, பெண்களுக்கு அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மனுவைவிட வேகமான வழி, நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது. தாம்பரமும் ஆவடியும் தனி ஆணையரகங்களாகச் செயல்படத் தொடங்கியது 2022-ல்தான், அதனால் எந்த வீடு எந்த நிலைய எல்லை என்று பழைய ஆட்களே குழம்புவார்கள். "இந்தத் தெருவுக்குக் குடிவரப் போகிறோம், இது உங்கள் எல்லைதானா, ரோந்து வருகிறவர் யார்" என்று பகலில் போய்க் கேளுங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதோடு, ஒரு பெண் தனியாகப் போய்க் கேட்டால் உட்கார வைத்துப் பேசுகிறார்களா என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள். நாளைக்கு ராத்திரி போன் செய்தால் எடுக்கப் போவதும் அவர்கள்தான். ஒருவேளை அவசரத்தில் தப்பான ஸ்டேஷனுக்குப் போய்விட்டால், "இது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ஸின் 173-வது பிரிவின்படி, கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம்.

நடந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்

இரண்டு வீட்டையும் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றுக்குப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எந்தத் தெருவும் நல்ல தெருதான்.

மகள் வரப்போகும் நேரத்தில், மகளையும் கூட்டிக்கொண்டு, அவள் வரப்போகும் அதே ரயிலில் வந்து இறங்குங்கள். அங்கிருந்து வீடு வரை நடங்கள். போனில் டார்ச் போடாமல் நடக்க முடிகிறதா? எரியாத தெருவிளக்கு எத்தனை, அவை அடுத்தடுத்து இருக்கின்றனவா? காலி மனைகளில் முள் மண்டிக்கிடக்கிறதா? எந்த இடத்தில் மகள் தன்னையறியாமல் நடையை எட்டிப் போடுகிறாள் என்று கவனியுங்கள். அந்த இடத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். பெரும்பாலும் நீளமான ஒரு காம்பவுண்டுச் சுவர், அல்லது மூடிய குடோன், அல்லது ஜன்னலே இல்லாத பக்கவாட்டுச் சுவர்கள். கூப்பிட்டால் எட்டிப் பார்க்க அங்கே ஆள் இருக்காது.

டாஸ்மாக் விஷயம். வீட்டுக்குப் பக்கத்தில் கடை இருப்பது சட்டவிரோதம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது சரியல்ல. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர் தூர விதி இருக்கிறது. அது வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிறுவனத்திலிருந்தும் அளப்பது, குடியிருப்புக்கு அது பொருந்தாது. கடை மதியம் 12-க்குத் திறந்து இரவு 10-க்கு மூடுகிறது. ஆகவே ஒன்பதரையிலிருந்து பத்தேகால் வரைதான் உங்களுக்கு முக்கியம். வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்களா, அங்கேயே நடைபாதையில் நின்று குடிக்கிறார்களா? கடைக்கு எதிரே டிபன் கடை, மருந்துக்கடை ஏதாவது திறந்திருக்கிறதா? கடையைத் தொடாமல் வர வேறு தெரு உண்டா? மாற்று வழி வெளிச்சமாக இருந்தால் இந்தக் கடைக்காக மட்டும் வீட்டை விடத் தேவையில்லை. மாற்று வழி இருட்டாக இருந்தால், கடை இருக்கும் வழியே மேல் என்று மகளிடம் சொல்லி வைக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், வீட்டில் அதிக நேரம் இருக்கப்போவது உங்கள் மாமியார். அவருக்கான நேரம் மதியம் இரண்டிலிருந்து நான்கு. ஆண்களும் வேலைக்குப் போகும் பெண்களும் கிளம்பிப் போன பிறகு அந்தத் தெருவில் யார் மிச்சம்? நகைக்கு பாலிஷ் போடுகிறேன், குடிக்கத் தண்ணீர் கொடுங்கள் என்று வருகிறவர்கள் தேர்ந்தெடுப்பது இந்த நேரத்தைத்தான். அம்மா என்று குரல் கொடுத்தால் பக்கத்து வீட்டில் கேட்குமா என்று பாருங்கள். முடிந்தால் அவரையும் ஒருமுறை அழைத்து வந்து காட்டுங்கள். மாடிப்படி ஏறுவதைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து இருக்கும்.

யாரிடம், என்ன கேட்பது

"இது பாதுகாப்பான இடமா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். சொந்தத் தெருவை யார் விட்டுக்கொடுப்பார்கள்? கேள்வியை மாற்றுங்கள். இஸ்திரி வண்டிக்காரர், பால் பாக்கெட் போடுகிறவர், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், முனையில் பூ விற்கும் அம்மா, இவர்களுக்குத் தெரியாத வீடு அங்கே இருக்காது. "கடைசியா இங்க எப்ப திருடு போச்சு? போலீஸ் வந்தாங்களா?" என்று கேளுங்கள். "உங்க பொண்ண ஒன்பது மணிக்கு மேல கடைக்குத் தனியா அனுப்புவீங்களா?" என்று கேளுங்கள். பதில் வருவதற்குள் ஒரு தயக்கம் வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

எல்லோரையும்விட முக்கியமானவர், அந்தப் போர்ஷனில் உங்களுக்கு முன்பு இருந்தவர். ஏன் காலி செய்தார்கள், அட்வான்ஸ் ஒழுங்காகத் திரும்ப வந்ததா என்று அவரிடம் நேரே கேட்க வேண்டும். உரிமையாளரிடம் எண் கேளுங்கள். தயங்காமல் கொடுத்தால் நல்ல அறிகுறி.

வாரியக் குடியிருப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்துக்குள் இருந்த குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களுக்குக் கொடுத்த வீடுகள் இவற்றில் நிறைய. சென்னையில் அப்படி உருவான கண்ணகி நகர் என்று முகவரி எழுதினாலே வேலை கிடைக்காது என்று அங்குள்ள பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வருகிறார்கள். 2025 ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் அதே கண்ணகி நகர்ப் பெண் ஒருத்தி ஆடியது பிறகு எல்லோருக்கும் பெருமையாகிவிட்டது. உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரப்போகிறவரும், மகளை ஸ்டேஷனில் ஏற்றிவிடப் போகும் ஆட்டோக்காரரும் அந்தக் குடியிருப்பில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அங்கே குறிப்பாக ஏதாவது தகராறு நடக்கிறதென்றால் பூக்கார அம்மாவே சொல்லிவிடுவார். "அந்தப் பக்கத்து ஆளுங்க" என்பதை மட்டும் காரணமாக வைக்காதீர்கள், "நம்ம ஆளுங்க" என்பதையும் தைரியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்நியர்களைவிட, சாவி

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது டாஸ்மாக்கும் அல்ல, வாரியக் குடியிருப்பும் அல்ல. உரிமையாளர் கேட்ட சாவி. நீங்கள் அதை அக்கறையாக எடுத்துக்கொண்டு ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அவர் அக்கறையில்தான் கேட்டிருக்கலாம், அவரைச் சந்தேகப்படுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த நாட்டில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர் என்பதுதான் ஆண்டுதோறும் வரும் கணக்கு. உங்கள் கதவுக்கான சாவி உங்கள் மூவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். குடிவரும் அன்றே பூட்டை உங்கள் செலவில் மாற்றுங்கள், காலி செய்யும்போது பழைய பூட்டைப் போட்டுத் தருகிறோம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி பழுது பார்ப்பதற்கோ வீட்டைப் பார்வையிடுவதற்கோ உரிமையாளர் உள்ளே வர 24 மணி நேரம் முன்பாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர் வீடுதான், ஆனால் நினைத்தபோது உள்ளே வர முடியாது.

பத்து மணிக்குக் கேட் பூட்டுவதில் தப்பில்லை. அந்தக் கேட்டுக்கு ஒரு சாவி உங்களிடமும் இருக்க வேண்டும். மகள் தாமதமாக வருவது ஒரு காரணம். நள்ளிரவில் மாமியாருக்கு நெஞ்சுவலி வந்து 108 வாசலில் நிற்கும்போது கீழ்வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்பது இன்னொன்று.

மொட்டை மாடிக்குப் போகும் படி உங்கள் வாசலை ஒட்டியே போவதாக எழுதியிருக்கிறீர்கள். துணி காயப்போட யார் யார் வருவார்கள், மாடிக் கதவு இரவில் உள்பக்கமாகப் பூட்டப்படுகிறதா என்று கேளுங்கள். குளியலறை வென்டிலேட்டரில் கண்ணாடிப் பட்டைகள் மட்டுமா, கம்பியும் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அந்தப் பட்டைகளை வெளியிலிருந்தே ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட முடியும். கேமரா இருந்தால் அது கேட்டையும் படியையும் பார்க்கட்டும், உங்கள் கதவு திறந்தால் கூடம் தெரியும்படி இருக்கக் கூடாது. ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்திருந்து பார்ப்பதும் படம் பிடிப்பதும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 77-வது பிரிவின்படி குற்றம்.

இதே கண்ணோடு மாடம்பாக்கம் அடுக்குமாடியையும் பாருங்கள். வாட்ச்மேன் இருக்கிறார், சரி. அவரை அனுப்பும் நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறதா? தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு 2005 சட்டப்படி உரிமம் கட்டாயம், காவலாளியின் பின்னணியை விசாரித்த பிறகே வேலைக்கு வைக்க வேண்டும். எத்தனை வீடுகளில் ஆள் வந்திருக்கிறார்கள்? புதுக் கட்டடத்தில் உங்கள் தளத்தில் நீங்கள் மட்டும் என்றால், லிஃப்டிலிருந்து கதவு வரை இருக்கும் அந்த நடையில் துணையே இல்லை. கேமரா பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். பெயருக்கு மாட்டி வைத்த கேமராக்கள் நகரம் முழுக்க இருக்கின்றன. அந்த ஒன்றரை கிலோமீட்டரை இரவு ஒன்பதரைக்கு மகள் எப்படிக் கடப்பாள் என்பதற்கு வாட்ச்மேனால் பதில் சொல்ல முடியாது.

தண்ணீரையும் மறக்காதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தென்சென்னைப் புறநகர் வெள்ளத்தில் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். "2015-ல எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு?" என்று தெருவில் கேட்டால் கையை வைத்துக் காட்டுவார்கள். மாடி வீடுதான் என்றாலும் மின்சாரம் எத்தனை நாள் இல்லை என்று சேர்த்துக் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் வெளியே வரும் வழி

எவ்வளவு விசாரித்தாலும் தப்பு நடக்கலாம். அதற்கான வழியை உள்ளே போகும்போதே எழுதிவிட வேண்டும்.

பதினோரு மாத ஒப்பந்தம்தானே, பதிவு தேவையில்லை என்று புரோக்கர் சொன்னது பழைய கதை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அந்த 2017 சட்டப்படி, எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், ரென்ட் அத்தாரிட்டி எனப்படும் வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் அந்தப் பதிவு எண்தான்.

அட்வான்ஸுக்கு இந்தச் சட்டம் வைத்திருக்கும் அளவு மூன்று மாத வாடகை. உங்களுக்கு அது 48,000. அவர் கேட்பது 1,60,000. பத்து மாதத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சட்டம் பேசுவது கஷ்டம், அதனால் இப்போதே பேசிக் குறையுங்கள். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒன்றரை லட்சம் அடுத்தவர் கையில் மாட்டியிருக்கும்போது, பயமாக இருக்கிறது என்று தெரிந்தும் மனசு "இன்னும் ரெண்டு மாசம் பார்ப்போம்" என்றுதான் சொல்லும்.

குறைந்தபட்சத் தங்கல் காலம் என்று ஏதாவது போட்டிருந்தால் நீக்கச் சொல்லுங்கள். எப்போது வேண்டுமானாலும் ஒரு மாத நோட்டீஸில் காலி செய்யலாம், சாவி கொடுக்கும் நாளிலேயே அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்று இருக்கட்டும். பணத்தை வங்கி மூலமாகவே கொடுங்கள். கொடுக்கும் முன் வில்லங்கச் சான்றும் சொத்து வரி ரசீதும் பாருங்கள். வங்கியில் இருப்பவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் வங்கியில் இருப்பவர்களும் சொந்த விஷயத்தில் பார்ப்பதில்லை. போலீஸுக்குக் கொடுக்க ஆதார் கேட்டால் கொடுங்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரே போதும்.

குடிவந்த பிறகு யாராவது பின்தொடர்ந்தால், தொந்தரவு கொடுத்தால், முதல் தடவையே எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். பின்தொடர்வது பி.என்.எஸ். 78-ன்படி குற்றம். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181. 'காவல் உதவி' செயலியை மகள் போனில் இறக்கி, ஒருமுறை இயக்கியும் பார்க்கச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்தில் வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டில் எது என்று கேட்டால், எனக்குப் படுவது குரோம்பேட்டை வீடுதான். ஸ்டேஷன் பக்கம், ஆள் நடமாட்டம், கீழே ஒரு குடும்பம், மாமியார் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் மனிதர்கள். ஆனால் பூட்டு மாற்றுவதற்கும் கேட் சாவிக்கும் உரிமையாளர் ஒப்புக்கொள்ள வேண்டும். "எங்க மேல நம்பிக்கை இல்லையா" என்று அவர் முகம் சுளித்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு வீடு பாருங்கள்.

அவசரமும் வேண்டாம். கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது என்கிறீர்கள். மகளையும் மாமியாரையும் ஊரில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் முதலில் வந்து வேலையில் சேருங்கள். பணிபுரியும் பெண்களுக்கு அரசு நடத்தும் தோழி விடுதி ஒன்று தாம்பரத்திலேயே இருக்கிறது, குறுகிய காலமும் தங்கலாம். இடம் இருக்கிறதா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். அலுவலகம் முடிந்து வந்து அந்த இரண்டு தெருக்களிலும் நாலைந்து மாலை நடந்தால், எந்தப் பக்கம் போவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. ஒப்பந்த வரைவு கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், கையெழுத்துக்கு முன் ஒருமுறை படித்துத் தருகிறேன்.